ஓர் இரவுக்குத்தானே

நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். மின்சாரம் பற்றிய என் அறிவு பள்ளிப் பாடநூலோடு முடிந்துபோன ஒன்று. ஆனாலும் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்துக்குப் பிறகு, பல மாதங்களாக ஓர் ஒயரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகங்களைப் பற்றி எழுதும் கையால் ஒயரைப் பற்றி எழுதுவானேன் என்று தோன்றலாம். நண்பர்களில் சிலர் ஏற்கெனவே மின்சாரக் கார் வாங்கிவிட்டார்கள். இன்னும் சிலர் வாங்குவது பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது நான் செய்த தவறைச் செய்யாமல் இருந்தால் இந்தக் கட்டுரைக்கு அதுவே போதுமான நியாயம்.

கோவையில் நாங்கள் இருப்பது மூன்று மாடி அடுக்ககம் ஒன்றின் முதல் தளத்தில். கார் வாங்கியபோது, வீட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்று இருந்தால் போதும், இரவில் மாட்டிவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விற்பனையகத்தில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, துணி துவைக்கும் இயந்திரத்துக்காகப் பின்பக்கப் பால்கனியில். கார் நிற்பதோ தரைத்தளத்தில், அந்தப் பால்கனிக்குக் கீழே சற்றுத் தள்ளி. கடைவீதிக்குப் போய்ப் பதினைந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் கார்டு ஒன்று வாங்கிவந்தேன். பால்கனிக் கம்பி வழியாக அதைக் கீழே இறக்கினேன். மனைவி சற்றுத் தயங்கினார். "ஓர் இரவுக்குத்தானே, சனிக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடலாம்" என்றேன். அந்த ஓர் இரவு ஏழு வாரங்கள் நீண்டது.

எட்டாவது வாரத்தில் ஒருநாள் அதிகாலை நான்கு மணியளவில் அம்மா வந்து எழுப்பினார். "ஏங்கண்ணு, இந்நேரத்துல யாரு கருவாடு சுடறாங்க?" என்றார். எனக்கும் அந்த வாடை அடித்தது. மீன் கருகுவது போன்ற, தொண்டையைக் கவ்வும் வாடை. அடுப்பைப் பார்த்தோம், ஜன்னலைத் திறந்து பார்த்தோம். கடைசியில் பால்கனிக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. சுவரிலிருந்த சாக்கெட்டின் வலதுபக்கத் துளையைச் சுற்றிப் பழுப்பாகி, பிளக்கின் விளிம்பு உருகிச் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் அந்த இடத்தில் விரல் வைக்க முடியவில்லை. பிளக்குகளும் சாக்கெட்டுகளும் செய்யப்படும் பிளாஸ்டிக் வகைகள் சில கருகும்போது மீன் வாடை வீசும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒன்றரை அடி தள்ளிக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில். அம்மாவுக்கு இரவில் தூக்கம் குறைவு என்று நாங்கள் அவ்வப்போது வருந்துவதுண்டு. அன்று எங்களைக் காத்தது அந்தத் தூக்கமின்மைதான்.

*

மறுநாள் அந்தக் கருகிய பிளக்கை ஒரு காகிதத்தில் சுற்றிக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். இயற்பியல் துறை நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், எவ்வளவு ஆம்பியர் இழுக்குது உங்க கார்?" என்று கேட்டார். சார்ஜரின் மேல் எழுதியிருந்ததைச் சொன்னேன். சுமார் மூன்று கிலோவாட். 230 வோல்ட் மின்சாரத்தில் அது 13 ஆம்பியர். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். அந்தக் கணக்கு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே என் மொழியில் சொல்கிறேன்.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்பது ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய நான்கேகால் ஆம்பியர் எடுக்கிறது. கார் அதைப்போல மூன்று மடங்கு எடுக்கிறது. ஆக, இஸ்திரிப் பெட்டியை மாட்டும்போது லேசாக வெதுவெதுக்கும் அதே பிளக்கில், கார் ஒன்பது மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. "இத்தனை வருஷமா அந்த பிளக்கில் எல்லாம் ஓடியதே" என்று நான் சொன்னதற்கு அவர் தந்த பதில் இதுதான்.

அடுத்தது ஒயர். நான் வாங்கியது ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள தாமிரக் கம்பி. கடைகளில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன்களில் பல இந்த அளவோ இதைவிட மெல்லியதோதான். பதினைந்து மீட்டர் ஒயரில் மின்சாரம் போகவும் வரவும் முப்பது மீட்டர் கம்பி இருக்கிறது. அதன் மின்தடை அரை ஓமுக்குச் சற்று மேலே. 13 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயர் மட்டும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடும். பழைய நூறு வாட் குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து மீட்டருக்கும் பரவலாக இருக்கும்வரை அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடுகிறது. ஆனால் நம் வழக்கம் என்ன? தேவைக்கு அதிகமான ஒயரை அழகாகச் சுருட்டி, ஒரு முடிச்சும் போட்டு, மூலையில் வைப்பது. சுருளின் நடுவிலிருக்கும் கம்பிக்கு வெப்பத்தை விட வழியில்லை. சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சித்திரை மாதத்துக் கார் நிறுத்துமிடத்தில் காற்றே 40 பாகையைத் தொடுகிறது. மிச்சமிருப்பது முப்பது பாகை.

மூன்றாவதுதான் என் பிளக்கைக் கருக்கியது. பித்தளை முள்ளும் சாக்கெட்டின் உள்ளிருக்கும் பித்தளைப் பிடியும் நன்றாக இறுகித் தொட வேண்டும். தளர்ந்திருந்தால், நாம் 'லூஸ் கான்டாக்ட்' என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் மின்தடை கூடும். அங்கே வெறும் 0.15 ஓம் இருந்தால் போதும், 13 ஆம்பியரில் 25 வாட் வெப்பம் பிறக்கும். நண்பர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் உருக்கறாங்களே, அந்த சால்டரிங் அயர்ன், அதுவும் 25 வாட்தான் சார். அதை ராத்திரி முழுக்க உங்க பிளக்குக்குள்ள செருகி வெச்சிருந்தீங்க." சூட்டில் பித்தளைப் பிடி தன் விறைப்பை இழக்கும், மேற்பரப்பில் களிம்பு படியும், தடை கூடும், சூடு மேலும் கூடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஏழு வாரங்களாக ஒவ்வோர் இரவும் அந்த எறும்பு ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

*

இந்த விஷயத்தில் நாம் கவனிக்கத் தவறுவது நேரத்தை என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகள் புதியவை அல்ல. குளியலறையின் வெந்நீர்க் கொதிகலன் இரண்டு, மூன்று கிலோவாட் எடுக்கும். ஆனால் அது கால் மணி நேரம் ஓடித் தானே நின்றுவிடுகிறது. இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தன்னை அணைத்துக்கொள்கிறது. கிரைண்டர் மாவு ஆட்டி முடிந்ததும் நிற்கிறது. பிளக்குக்கும் ஒயருக்கும் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. என் காரின் பேட்டரி 24 கிலோவாட்மணி கொள்ளளவு. காலியாக இருந்தால் நிரம்புவதற்கு எட்டு முதல் ஒன்பது மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் ஒரே சீராக, ஒரு நிமிட ஓய்வும் இல்லாமல் 13 ஆம்பியர். அதுவும் வீட்டிலுள்ள அனைவரும் உறங்கும் நேரத்தில். இப்படி ஒரு விருந்தாளி நம் வீடுகளுக்கு இதற்குமுன் வந்ததில்லை. நம் வீட்டு ஒயரிங் கால் மணி நேரக் கருவிகளைப் பார்த்துப் பழகியது.

"எம்.சி.பி. இருக்கிறதே, ஆபத்தென்றால் விழுந்துவிடாதா?" என்று நானும் கேட்டேன். விழாது. எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை. தளர்ந்த பிளக் கருகும்போது ஓடுவது அதே 13 ஆம்பியர்தான். மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. தவிர, அது காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது சுவருக்குள் ஓடும் கம்பியை. நாம் வெளியே மாட்டும் மெல்லிய ஒயரை அல்ல. நம் வட்டமுள் பிளக்குகள் பி.எஸ். 546 என்ற பழைய பிரித்தானியத் தரத்தின் வழிவந்தவை. பிரித்தானியர் 1947இல் பி.எஸ். 1363 என்ற புதிய தரத்தை வெளியிட்டு, பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸை வைத்தார்கள், ஒயரின் தாங்குதிறனுக்கு ஏற்றபடி. நாம் பழையதோடு நின்றுவிட்டோம். எனவே நம் எக்ஸ்டென்ஷனுக்கென்று தனிக் காவல் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஏழு வாரங்களின் தொடக்கத்தில் ஒருநாள் சார்ஜர் ஏற்க மறுத்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "எர்த் சரியா கெடைக்கலைங்க சார். பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியில சேத்துட்டா ஏத்திக்கும். ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். நல்லவேளையாக நான் மறுத்துவிட்டேன். மறுத்தது அறிவினால் அல்ல, பயத்தினால். அப்படிச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால் காரின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். மழையில் நனைந்த தரையில் செருப்பில்லாமல் வந்து கதவைத் தொடும் குழந்தைக்கு அது தெரியாது. சார்ஜர் காட்டிய சிவப்பு விளக்கு ஒரு நல்ல ஆசிரியரின் கண்டிப்பு போன்றது. அதை ஏமாற்றுவதற்கான உத்தி நம் ஊரில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

*

தமிழ் இலக்கணத்தில் இடைச்சொல் என்றொரு வகை உண்டு. தனித்து நிற்காது; பெயரையோ வினையையோ சார்ந்துதான் வரும். எக்ஸ்டென்ஷன் கார்டும் அப்படிப்பட்டதுதான். சுவருக்கும் கருவிக்கும் இடையில் சிறிது நேரம் வந்து உதவிவிட்டு விலக வேண்டியது. ஆனால் நம் வீடுகளில் அது விலகுவதில்லை. கணினி மேசைக்கடியில், தொலைக்காட்சிக்குப் பின்னால், பூஜையறை விளக்குக்கு என்று வந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. 'தற்காலிகம்' என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் விதமே விசித்திரமானது. பல அலுவலகங்களில் தற்காலிக ஊழியர்கள் ஓய்வுபெறும் வயதை எட்டிவிடுகிறார்கள். தற்காலிகக் கொட்டகைகளில் பல ஆண்டுகளாகப் பள்ளிகள் நடந்ததுண்டு. சமாளித்துக்கொள்வது ஒரு திறமைதான், நான் மறுக்கவில்லை. வறுமையும் பற்றாக்குறையும் நமக்குக் கற்றுத்தந்த திறமை அது. ஃபியூஸ் போனால் ஒயரிலிருந்து ஒரு தாமிர இழையை உருவி, ஃபியூஸ் கட்டையில் முறுக்கிப் போட்டு விளக்கெரிய வைத்த தந்தையின் மகன் நான். அந்தத் திறமையின் மீது எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. பல லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கிவிட்டு அதை முன்னூறு ரூபாய் ஒயரில் மாட்டியது அந்தப் பெருமிதத்தின் மிச்சம்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "கோயில் திருவிழாவில் ஊர் முழுக்க ஒயரை இழுத்து விளக்குப் போடுகிறோம், கல்யாண மண்டபத்தில் ஒன்றிலிருந்து ஒன்றாக எடுத்து ஓட்டுகிறோம், என்ன ஆகிவிட்டது?" என்றார் எங்கள் அடுக்ககத்தில் ஒருவர். ஆகியிருக்கிறது, நாம் மறந்துவிடுகிறோம் என்பது ஒருபுறம். இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. திருவிழாவில் அந்த ஒயருக்குச் சொந்தக்காரர் விழித்திருக்கிறார். ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். எங்கே சூடாகிறது, எங்கே பொறி பறக்கிறது என்று அவர் கண் அலைந்துகொண்டே இருக்கிறது. நம் வீட்டில் பத்து மணிக்கு மாட்டிவிட்டு நாம் படுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் எக்ஸ்டென்ஷனில் காரை மாட்டவே கூடாதா? கார் நிறுவனங்களில் பெரும்பாலானவை தம் கையேடுகளில் கூடாது என்றே எழுதியிருக்கின்றன. அதுவே சரியான விடை என்று நானும் கருதுகிறேன். ஆனால் வாழ்க்கை கையேட்டின்படி நடப்பதில்லை என்பதையும் அறிவேன். ஊருக்குப் போன இடத்தில், மாமனார் வீட்டு வாசலில், பேட்டரி பத்து சதவீதத்தில் நிற்கும்போது ஒரு தடவை மாட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். அந்த ஒரு தடவைக்குச் சில நிபந்தனைகள் உண்டு.

ஒயர் மூன்று கம்பிகள் கொண்டதாக, ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டரை சதுர மில்லிமீட்டர் தாமிரமாக இருக்க வேண்டும். என் பதினைந்து மீட்டர் ஒயர் இந்தத் தடிமனில் இருந்திருந்தால் நூறு வாட் வெப்பம் நாற்பதாகக் குறைந்திருக்கும். இரு முனைகளும் 16 ஆம்பியருக்கானவையாக இருக்க வேண்டும். பெரிய முள்ளைச் சிறிய துளையில் பொருத்தித் தரும் மாற்று பிளக்கை மட்டும் தொடவே கூடாது. ஆறு ஆம்பியர் சாக்கெட்டைப் பதின்மூன்று சுமக்க வைக்கும் ஏமாற்று வேலை அது. ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒன்றின் வாலில் இன்னொன்றை மாட்டக் கூடாது. முழுவதையும் சுருள் பிரித்து நீட்டிவிட வேண்டும். கதவிடுக்கில் நசுங்கவோ, மிதியடிக்கடியில் ஒளியவோ விடக் கூடாது. இணைப்பு தரையில் கிடக்காமல், மழை படாத உயரத்தில் இருக்க வேண்டும். அதே எக்ஸ்டென்ஷனில் வேறெதையும் செருகக் கூடாது. மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி காரிலோ சார்ஜரிலோ இருந்தால் எட்டோ பத்தோ ஆம்பியருக்கு இறக்கிவிட வேண்டும். வர்க்கக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்யும்: 13 எட்டானால் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இருக்கலாம், கை சுட்டால் நிறுத்திவிட வேண்டும். அதன்பின் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பகலில், விழித்திருக்கும்போது மட்டுமே மாட்டுவது. ஊர் திரும்பத் தேவையான அளவு ஏறியதும் கழற்றிவிடுவது.

*

என் கதையின் வேடிக்கையான பகுதி இனிமேல்தான் வருகிறது. கருகிய சாக்கெட்டை மாற்ற வந்த வேறோர் எலக்ட்ரீஷியன், வயதானவர், கீழே இறங்கிக் கார் நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் பலகையைப் பார்த்தார். "ஏனுங் சார், உங்க மீட்டர் இங்கதான இருக்குது? கீழ இருக்கற கரண்ட்ட மேல ஏத்தி, திரும்பவும் ஒயர் கட்டிக் கீழ எறக்கியிருக்கீங்களே" என்றார். உண்மைதான். பெரும்பாலான அடுக்ககங்களில் மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. என் மீட்டருக்கும் என் காருக்கும் இடையே பன்னிரண்டு மீட்டர் தூரம்தான். ஏழு வாரங்களாக நான் தினமும் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நான்கு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் தனி லைன் இழுப்பது. அதற்கென்று ஓர் எம்.சி.பி.; மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் துண்டித்துவிடும் ஏ வகை ஆர்.சி.சி.பி. ஒன்று, ஒழுங்கான எர்த், மூடியுள்ள தரமான 16 ஆம்பியர் சாக்கெட். எனக்கு எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம் ஆனது. காரின் விலையில் அது நூறில் இரண்டு பங்குகூட இல்லை. இதோடு, மின்வாரியத்தில் பதிவாகியுள்ள நம் வீட்டு மின்சுமை காரையும் சேர்த்துத் தாங்குமா என்று பார்த்து, போதாவிட்டால் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பன்னிரண்டு மீட்டரைக் கடக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை பொது சார்ஜிங் நிலையங்களில் காத்துக்கிடந்தேன். காரணம் எங்கள் குடியிருப்போர் சங்கம். பொது இடத்தின் சுவரில் குழாய் ஓட்ட அனுமதி கேட்டபோது, தீப்பிடிக்கும் ஆபத்து என்றார்கள். "உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க சார்" என்றார் செயலாளர். ஏழு வாரங்கள் பால்கனியிலிருந்து ஒயர் தொங்கியபோது அவர்களில் எவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு அனுமதி தேவைப்படவில்லை. முறையான லைனுக்கு மட்டும் தீர்மானம், கூட்டம், ஒத்திவைப்பு எல்லாம் தேவைப்பட்டன.

நான் இங்கே சொல்ல விரும்பும் கருத்து இதுதான். பால்கனியிலிருந்து தொங்கும் ஒயரைத் தனிமனிதரின் அலட்சியம் என்று மட்டும் பார்ப்பது பாதி உண்மை. அனுமதி மறுக்கப்பட்ட ஒருவர் காரை விற்றுவிடப் போவதில்லை. அவர் ஓர் எக்ஸ்டென்ஷன் வாங்குவார். பாதுகாப்பின் பெயரால் பாதுகாப்பான வழியை அடைக்கிறவர்கள் ஆபத்தை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். சட்டம் இதில் பயனாளர் பக்கமே நிற்கிறது. தன் வீட்டின் இப்போதைய மின் இணைப்பிலிருந்தே வாகனத்துக்கு மின்னேற்றிக்கொள்ளலாம் என்று ஒன்றிய மின் அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் 2022 ஜனவரியில் தெளிவாகச் சொல்லின. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம், வாகன மின்னேற்றத்துக்கென்று தனி இணைப்பையே கேட்டுப் பெற வழி செய்தது. இவற்றை அச்சிட்டு எடுத்துப்போய்ச் செயலாளரிடம் கொடுத்த பிறகுதான் பேச்சின் தொனி மாறியது.

செயலாளரின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று ஒரு கார். நாளை பதினாறு வீடுகளிலும் கார் வந்து, எல்லோரும் இரவு பத்து மணிக்கு மாட்டினால், கட்டடத்துக்கு வரும் பிரதான கேபிள் தாங்குமா என்ற கேள்வி உண்மையானது. ஆனால் அது திட்டமிட வேண்டிய கேள்வி. ஒரே வழித்தடத்தில் எல்லோருக்கும் குழாய் பதித்துவைப்பது, கேபிளைத் தகுதியானவரைக் கொண்டு பரிசோதிப்பது, யார் எப்போது ஏற்றிக்கொள்வது என்று பேசி முடிவுசெய்வது என்று சங்கம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். வீட்டுக்காரர் தயங்குவார், போட்ட பணம் போய்விடுமே என்று குடியிருப்பவரும் தயங்குவார். ஒரு நல்ல சாக்கெட் வீட்டின் மதிப்பைக் கூட்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுக்காரர்களான நாம் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்?

இப்போது என் கார் தன் இடத்தில், தன் சாக்கெட்டில் இரவைக் கழிக்கிறது. முதல் சில வாரங்கள் நடுநிசியில் எழுந்துபோய் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். பிறகு அந்தப் பழக்கம் குறைந்தது. அம்மா மட்டும் இன்னும் விடவில்லை. நான்கு மணிக்கு எழுந்ததும் பால்கனிக் கதவைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போகிறார். இனி அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தோம். "இருக்கட்டும் கண்ணு" என்கிறார்.

கருகிய பிளக்கை நான் எறியவில்லை. துறையில் என் மேசையின் மீது காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன். மாணவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். ஓர் இரவுக்காக வாங்கியது என்று சொல்கிறேன்.